கிடா விடும் மாதம்

கடலாடி வட்டாரத்தில் செம்மறிக் கிடையின் ஆண்டு வேலைகள் எல்லாம் ஒரே முடிவிலிருந்து கிளைக்கின்றன. பெட்டைகளோடு கிடாவை எந்த மாதம் சேரவிடுவது என்பதுதான் அது. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கிடா சேர்ந்த நாளிலிருந்து ஐந்து மாதம் எண்ணினால் குட்டி விழும் நாள் தெரிந்துவிடும். அந்த நாளில் வானம் எப்படி இருக்கும், தரையில் என்ன பசுமை இருக்கும், வயலில் யாருடைய பயிர் நிற்கும் என்பதை வைத்துத்தான் தடுப்பூசி, குடற்புழு மருந்து, இடம்பெயர்வு, விற்பனை எல்லாம் இடம் பிடிக்கின்றன. மருந்துச் செலவில் கணக்குப் பார்ப்பவர்கள் கூட இந்த ஒரு மாதத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. நட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். தென்மேற்குப் பருவம் இங்கே காற்றாகத்தான் வந்து போகும். சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலும் களியும், வாலிநோக்கம், நரிப்பையூர், மூக்கையூர் பக்கத்துக் கடற்கரை மணலும் பனங்காடும் ஒரே மழையை வெவ்வேறு விதமாக வாங்குகின்றன. ஐப்பசி முதல் தை வரை பச்சைப்புல். தை முதல் பங்குனி வரை நெல் தாள். பிறகு பருத்தி, மிளகாய்க் கொல்லைகளின் எச்சம். வைகாசி முதல் ஆடி வரை சீமைக் கருவேல நெற்று. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆட்டுக்காரரின் பஞ்சாங்கம் இதுதான்.

இங்கே கிடையில் நிற்பது பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை. உடம்பு வெள்ளை, சில ஆடுகளில் கறுப்போ செம்பழுப்போ திட்டுகள். கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பில்லை. வால் குட்டை. வளர்ந்த கிடா 30 கிலோவை ஒட்டியும் பெட்டை 22, 23 கிலோவும் எடை வரும். கம்பளி தராத இனம். கறிக்கும் எருவுக்கும்தான் வளர்ப்பு. மந்தைக்கு முன்னே நடக்க நாலைந்து கொடியாடுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளையில் கறுப்புத் தெறித்தது கரும்போரை, செந்நிறம் தெறித்தது செம்போரை. நெடுங்காலும் தைரியமும் உள்ள இந்த வெள்ளாடு வாய்க்காலைத் தாண்டினால் செம்மறிக் கூட்டம் பின்னாலேயே தாண்டும். முன்னே ஒன்று போகாவிட்டால் செம்மறி தண்ணீரைப் பார்த்து நின்றுவிடும்.

குளிர்நாடுகளில் இனச்சேர்க்கைக் காலத்தைப் பகல் நீளமே தீர்மானிக்கிறது. பகல் குறையும் இலையுதிர் காலத்தில்தான் அந்நாட்டுப் பெட்டைகள் பருவத்துக்கு வரும். இங்கிலாந்தில் நவம்பர் 5-ஆம் தேதி கிடாவை விட்டால் ஏப்ரல் 1-ஆம் தேதி குட்டி என்பது பழைய கணக்கு. இடையே உள்ள நாட்கள் 147. அமெரிக்காவின் இறைச்சி மாட்டுப் பண்ணைகளிலும் இதே எண்ணல்தான். பசுவின் சினை 283 நாள் என்பதால், மார்ச்சில் கன்று வேண்டுமென்றால் ஜூனில் காளையை விடுகிறார்கள். அங்கே பனிக்காலத்துக்கு வைக்கோல் சேமிக்கிறார்கள், இங்கே புரட்டாசிக்கு நெற்று சேமிக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த மண்ணில் பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை. செம்மறி ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும், 17 நாளுக்கு ஒரு முறை சுற்றும். வயிறு நிறைந்தால் சினை பிடிக்கும். அதனால் இங்கே மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆளுக்கு வந்துவிடுகிறது.

கிடாவைச் சும்மா விட்டுவைத்தால் நடப்பது இது. வைகாசியில் கருவை நெற்று உதிரத் தொடங்கியதும் பெட்டைகளுக்குச் சதை போடும். வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் கூட்டமாகச் சினை பிடிக்கும். குட்டிகள் ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் அடைமழைக்குள் விழும். தாய்க்குப் பால் இருக்கும், குட்டிக்குக் காய்ந்த தரை இருக்காது. இரண்டரைக் கிலோ கூட இல்லாத குட்டி ஓர் இரவு நனைந்தால் போதும். இதற்கு மாறாக ஆடிக் கடைசியில் கிடாவை விட்டால் குட்டி தையில் விழுகிறது. நெற்று தின்று தேறிய உடம்போடு பெட்டை சேர்கிறது. கரு வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில் நடப்பதால், தாய்க்குத் தீனி அதிகம் வேண்டிய காலம் மார்கழியின் பச்சையோடு பொருந்துகிறது. குட்டி விழும்போது மழை வாங்கியிருக்கும், தாள் வயல் திறந்திருக்கும். கிடாவை இரண்டு மாதம் தடுத்து வைப்பதுதான் வேலை. அதற்குள் அடங்கியிருக்கும் இலாபம் எந்த ஊசியிலும் இல்லை.

தடுப்பதற்கு வழி இரண்டு. ஆள் இருக்கிற பெரிய கூட்டத்தில் கிடாக்களைத் தனியே பிரித்து வேறு மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். ஆள் இல்லாதவர்கள் கிடாவின் வயிற்றடியில் சாக்குத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். சாக்கு கட்டினால் தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும், சிறுநீர் ஊறிப் புண்ணாகும். பிரித்து ஓட்டுவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒரு மாதம் கிடா வாடையே படாமல் இருந்த பெட்டைகள், திடீரென்று கிடாவைக் கண்டதும் சில வாரங்களுக்குள் கூட்டமாகப் பருவத்துக்கு வந்துவிடும். குட்டிகளும் அடுத்தடுத்து விழும், ஒரே வயதுக் கூட்டம் கிடைக்கும்.

ஆனியிலேயே கிடாவுக்குக் கவனிப்பு வேண்டும். விந்து உருவாக ஏழு வாரம் ஆகும். ஆனி வெயிலில் மூச்சிரைத்து நின்ற கிடா ஆடிக் கடைசியில் பார்வைக்குத் திடமாக இருந்தாலும் பலன் தராது. நடுப்பகலில் நிழல், மாலையில் ஒரு கை கம்போ சோளமோ, குளம்பு சீவல், உண்ணி எடுத்தல் எல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா என்பது அளவு. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே கிடாவை வைத்திருந்தால் அதன் மகள்களையே அது சேரும். குட்டிகள் சிறுத்துப் பிறப்பதற்குப் பல கிடைகளில் காரணம் தீனிக்குறை அல்ல, மாற்றாத கிடா. இன்னொரு ஊரில் கிடை நடத்தும் கீதாரியோடு கிடாவை மாற்றிக்கொள்வது பணம் செலவில்லாத வழி.

பெட்டைகளைப் பிரித்தெடுப்பதும் ஆனி, ஆடி வேலை. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழுதட்டை விலக்கிப் பல் பார்ப்பார்கள். ஓராண்டு தாண்டி இரண்டு பல், இரண்டாம் ஆண்டில் நான்கு, மூன்றில் ஆறு, நான்கில் எட்டு. அதன் பிறகு பல் தேய்ந்து, இடைவெளி விட்டு, ஒடியத் தொடங்கும். பல் ஒடிந்த ஆடு குட்டைப்புல்லைக் கடிக்க முடியாது, புரட்டாசியைத் தாங்காது. மடியை அமுக்கி, ஒரு காம்பு கல்லாகிப் போயிருந்தால் அதையும் ஒதுக்குவார்கள். இரண்டு ஆண்டு சினை நிற்காதது, நொண்டி ஆறாதது ஆகியவையும் போக வேண்டியவைதான். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டதென்று கிழ ஆட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. அது வேறு கணக்கு.

குடற்புழு மருந்தைக் கிடா விடுவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். ஆல்பெண்டசோல் சினையின் தொடக்க வாரங்களில் கொடுத்தால் கருவுக்குக் கேடு. ஆடிக் கடைசியில் மந்தையில் கிடாவை விடும்போது அதன் நெஞ்சில் காவியைக் குழைத்துப் பூசிவிடுவது நல்ல பழக்கம். சேர்ந்த பெட்டையின் முதுகில் செம்மை ஒட்டியிருக்கும். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றிப் பூசினால், முதல் சுற்றில் நிற்காதவை எவை என்று தெரியும். முக்கால்வாசி பெட்டைகளில் இரண்டாவது நிறமும் ஏறியிருந்தால் குறை கிடாவில்தான். ஒன்றரை மாதம் ஆனதும் கிடாவை மறுபடி பிரித்துவிட வேண்டும்.

ஆவணியும் புரட்டாசியும் கஷ்ட மாதங்கள். சம்சாரிகள் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைத்திருப்பார்கள். விதைத்த நிலத்தில் ஆட்டுக் குளம்பு படக்கூடாது. மேய்ச்சல் வரப்பு, புறம்போக்கு, கண்மாய் உள்வாய் என்று சுருங்கிவிடும். உடை மரத்திலும் வேம்பிலும் தொரட்டியால் கொப்பு இழுத்துப் போடுவார்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கரைகளில் உமரி கிடைக்கும், ஆனால் அதைத் தின்ற ஆடு தண்ணீருக்குத் தவிக்கும். இந்த மாதங்களுக்காகத்தான் ஆனியில் நெற்றைப் பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைப்பது. ஆடு ஒன்றுக்குத் தினம் 200 கிராம் அளவில் போட்டால் சினை கலையாமல் தள்ளிவிடலாம். நெற்று உதிரும் காலத்தில் அது இலவசம் என்பதால் யாரும் சேர்ப்பதில்லை. புரட்டாசியில் மூட்டைத் தீவனம் வாங்க ஓடுகிறார்கள்.

தடுப்பூசிக்கு ஏற்ற காலமும் இதுவே. துள்ளுமாரிக்கு மழைக்கு முன் ஒரு ஊசி, முதல் முறை போடும் ஆட்டுக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இந்த நோய் மெலிந்த குட்டியைத் தேடி வருவதில்லை. கூட்டத்தில் கொழுத்ததையே பிடிக்கும். திடீர்ப் பச்சை வயிற்றுக்குள் போனதும் குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மாலையில் துள்ளித் திரிந்த குட்டி காலையில் தலையைப் பின்னால் வளைத்துக் கிடக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டால் மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அங்கே எடுத்த நோய்க்கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், நாற்றக் கழிச்சல் என்று அது கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். டெல்டாவுக்குப் போய்த் திரும்பும் மந்தைக்கு இந்த ஊசி இல்லாமல் இருப்பது மடத்தனம். வழியில் எத்தனை ஊர்க் கூட்டத்தோடு ஒரே கண்மாயில் தண்ணீர் குடிக்கிறது!

மழை தொடங்கியதும் முதல் வேலை கிடையைக் கரிசலிலிருந்து எடுப்பது. நனைந்த கரிசலில் ஒரு வாரம் படுத்தால் குளம்பிடுக்கு ஊறி அழுகத் தொடங்கும். கடற்கரையோர மணல் மேடும் பனங்காடும் உள்ளவர்கள் அங்கே போவார்கள். மணலில் எவ்வளவு பெய்தாலும் அரை மணியில் படுக்கத் தரை கிடைக்கும். கிடையைச் சுற்றி முன்பு முள் அடைத்தார்கள். இப்போது பழைய மீன்வலையோ நைலான் வலையோ கட்டுகிறார்கள். நொண்டும் ஆட்டின் குளம்பைச் சீவி, பத்து சதவீத துத்தநாக சல்பேட் கரைசலில் சில நிமிடம் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். மேட்டைத் தேடுவது குளம்புக்காக மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடுத்த மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தாழ்ந்த பட்டிகளில் அடைத்திருந்த ஆடுகள் அப்படியே முங்கிப்போயின.

காலையில் பனி உலர்வதற்கு முன் ஆட்டை அவிழ்த்துவிடாதே என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் புழு. இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவின் இளம்பருவம் ஈரப்புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு மேல் திறப்பது மருந்துக்கு அடுத்தபடியான காப்பு. புழு இருக்கிறதா என்று பார்க்க ஆட்டின் கண்ணே போதும். கட்டைவிரலால் மேலிமையை லேசாக அமுக்கி, மற்றொரு விரலால் கீழிமையை இழுத்தால் உள்தோல் வெளியே பிதுங்கும். மாதுளை முத்தின் சிவப்பு இருந்தால் ஆடு நலம். வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் கவனிக்க வேண்டும். வெண்மையென்றால் அன்றைக்கே மருந்து. தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்கத் தொடங்கியிருந்தால் அது பிந்திய கட்டம். தென்னாப்பிரிக்காவில் இந்தக் கண் நிறத்தை ஐந்து படியாக வகுத்து அட்டை போட்டிருக்கிறார்கள். அதன் நோக்கம் வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. கூட்டம் முழுவதற்கும் ஒரே மருந்தை, அதுவும் அளவு குறைத்து, வருடக்கணக்கில் ஊற்றியதால்தான் ஆல்பெண்டசோலுக்குப் புழு சாகாத நிலை தமிழ்நாட்டில் பல இடங்களில் வந்திருக்கிறது. கடைக்காரர் கொடுக்கும் பாட்டிலின் நிறம் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. உள்ளே அதே மருந்து இருக்கும்.

ஐப்பசி முதல் தை வரை நீலநாக்கு நோயின் காலம். எருச்சேற்றில் பெருகும், கொசு போன்ற மிகச் சிறிய பூச்சி கடித்துப் பரப்புவது. ஆட்டுக்கு ஆடு தொட்டு ஒட்டுவதில்லை. பெயர் நீலநாக்கு என்றாலும் நாக்கு நீலமாகும் ஆடு குறைவு. உதடும் முகமும் வீங்கும், வாயில் நுரை தள்ளும், குளம்பும் தோலும் சேரும் இடத்தில் சிவந்த கோடு ஓடும். கால் வலியில் ஆடு முழங்காலில் நின்று மேயும். தமிழ்நாட்டில் 1997, 98-இல் இது பெரிதாகப் பரவி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கவிழ்த்தது. ஐந்து வகைக் கிருமிக்கு எதிரான செயலிழந்த தடுப்பூசி பின்னர் இந்தியாவிலேயே வந்தது. மழைக்கு முன் போட்டால் பயன். நோய் கண்டபின் செய்யக்கூடியது வாயைக் கழுவி, மெல்ல முடியாத ஆட்டுக்குக் கஞ்சி ஊற்றி, நிழலில் வைப்பதுதான். அந்தி நேரத்தில் கிடையின் காற்றுவாக்கில் நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவது பூச்சியை ஓரளவு விரட்டும்.

மார்கழியில் சினை ஆடுகளைத் தனியே பிரித்து அருகில் மேய்க்க வேண்டும். துள்ளுமாரி ஊசியை இப்போது ஒரு முறை போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும். இந்த மாதத்தில் கண்மாய்க் கரை ஓரங்களைத் தவிர்ப்பது நல்லது. நத்தை உள்ள ஈரக் கரையில்தான் ஈரல் தட்டைப்புழு ஏறும். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்களில் அந்தச் சமயம் பறவைகள் இறங்கியிருக்கும். அது 1998-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், உள்வாயில் மந்தையை விடுவதும் கூடாது.

தையில் குட்டி விழத் தொடங்கும். பெரும்பாலான தாய் தானாகவே ஈனும். உதவி என்ற பேரில் அவசரப்பட்டு இழுப்பதால்தான் கெடுதல். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னங்கால் இரண்டும் மூக்கும் தெரியாவிட்டால் கை வைக்கலாம். விழுந்ததும் மூக்குச் சளியைத் துடைத்து, தொப்புளை இரண்டு விரற்கடை விட்டு அறுத்து டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டால் குட்டி பிழைத்துக்கொள்ளும். காம்பின் நுனியில் மெழுகுபோல் அடைத்திருக்கும், அதை முதலில் பீய்ச்சிவிட வேண்டும். விறைத்துப் போன குட்டியைப் பார்த்தவுடன் பால் ஊற்றக்கூடாது, விழுங்காமல் நுரையீரலுக்குப் போகும். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் முதலில் உடம்பைச் சாக்கால் தேய்த்துச் சூடேற்றுவது, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால்.

தாய் செத்த குட்டியை, குட்டி செத்த தாயிடம் சேர்ப்பதற்குச் செத்த குட்டியின் தோலை உரித்து உயிருள்ளதன் முதுகில் போர்த்துவார்கள். இரண்டொரு நாளில் தாய் தன் பாலின் வாடையை அந்தக் குட்டியின் வாலடியில் கண்டுகொள்ளும், தோலை எடுத்துவிடலாம். பகலில் பெட்டைகள் மேயப் போகும்போது சின்னக் குட்டிகளைக் கூட்டுக்குள் அடைத்து ஒரு பெண்ணோ சிறுவனோ காவல் இருப்பார்கள். மாலையில் மந்தை திரும்பும் நேரம் கூட்டைத் திறந்தால் இருபக்கமும் கத்தலாக இருக்கும். நூறு குட்டிக்கும் நூறு தாய்க்கும் இடையில் ஆள் புகுந்து சேர்க்க வேண்டியதில்லை. குட்டி ஓடி முட்டும், தாய் திரும்பி வாலடியை ஒரு முறை முகரும், தன்னுடையது அல்ல என்றால் காலை உதறி நகரும். ஐந்து நிமிடத்தில் கத்தல் அடங்கிவிடும். அப்போதும் கத்திக்கொண்டு அலையும் குட்டியைத்தான் கீதாரி பார்ப்பார். அதன் தாய்க்குப் பால் இல்லை, மடி வீங்கியிருக்கிறது, அல்லது மேய்ச்சலில் தங்கிவிட்டது. மூன்றில் ஒன்று நிச்சயம்.

குட்டிக்கு இரண்டாம் மாதம் நாடாப்புழு மருந்து, மூன்றாம் மாதம் பால் மறப்பு. காதில் அடையாள வெட்டும் அந்தச் சமயத்தில்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெட்டு வேறு, கூட்டம் கலந்தால் வழக்கு இல்லாமல் பிரிக்க அதுவே சாட்சி.

தை அறுப்பு முடிந்ததும் எருப் பருவம் தொடங்குகிறது. சம்சாரி வந்து, "கீதாரி, மேக்காட்டுல ரெண்டு ராத்திரி அமத்திக் குடுங்க" என்று கேட்பார். ஆட்டு எண்ணிக்கைக்கும் இரவுக்கும் கூலி பேசிக்கொள்வார்கள். பணமாகவோ நெல்லாகவோ வாங்குவதுண்டு. ஆட்டெருவில் சராசரியாக மூன்று சதவீதம் தழைச்சத்து, ஒரு சதவீதம் மணிச்சத்து, இரண்டு சதவீதம் சாம்பல்சத்து. தொழுவுரத்தைவிட இது பல மடங்கு. சிறுநீரும் அதே நிலத்தில் இறங்குவது கிடையின் தனிப் பயன், வண்டியில் ஏற்றும் எருவில் அது கிடையாது. கிடையைத் தினமும் ஒரு கிடை அகலம் நகர்த்திப் போட்டால் வயல் முழுக்கச் சமமாக விழும். விடிந்ததும் உழுதுவிடும் சம்சாரிக்குத்தான் முழுப் பலன், வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும்.

உள்ளூர்த் தாள் தீர்ந்ததும் மந்தை வடக்கே நகரும். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம், மானாமதுரைப் பக்கம் கொஞ்ச நாள், சிலர் புதுக்கோட்டை தாண்டித் தஞ்சாவூர், திருவாரூர் வரை. அங்கே சம்பா அறுத்த தரிசு கிடக்கும், எருவுக்கும் கூலி அதிகம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தான் திரும்புவதற்கான கெடு, குறுவை நாற்றங்கால் போட்ட ஊரில் ஆட்டுக்கு இடமில்லை. முன்பு நடந்தே போனார்கள். இப்போது லாரியில் இரண்டு தட்டாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏற்றும் நாளில் வயிறு முட்டத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் வழியில் மிதிபட்டுச் சாகும். அரைவயிற்றில் ஏற்றி இறங்கியபின் கொடுக்க வேண்டும்.

இடம்பெயரும் மாதங்களின் ஆபத்துகள் வேறு. களத்தோரம் சிந்திக் கிடக்கும் நெல்லை வயிறுமுட்டத் தின்ற ஆடு மறுநாள் எழாது. பருத்தி, மிளகாய்க் கொல்லையில் கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் இறங்கக்கூடாது. கோடை மழை ஒன்று விழுந்ததும் துளிர்க்கும் சோளக்கட்டையில் சயனைடு நஞ்சு இருக்கும். அறுத்த சோளக்காட்டில் முழங்காலளவுத் துளிரைக் கண்டு மந்தையைத் திருப்பாதவர் பத்து நிமிடத்தில் பல ஆட்டை இழப்பார். ஆடு நுரைதள்ளிச் சாய்வதற்குள் கால்நடை மருத்துவர் தயோசல்பேட் ஊசியோடு வந்தால்தான் மீட்பு.

சித்திரை, வைகாசியில் மேய்ச்சல் விடியலில் நாலு மணி நேரம், வெயில் தாழ்ந்தபின் மூன்று மணி நேரம். நிலாக் காலத்தில் இரவிலும் மேய்ப்பார்கள். ஊருணி மனிதருக்கு, கண்மாய் ஆட்டுக்கு என்பது ஊர்க்கட்டு. கண்மாய் வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டித் தொட்டியில் இறைக்க வேண்டும். நெற்று உதிரும்போது ஆடு வேறெதையும் தேடாது. அதையே முழுத் தீனியாக விட்டால் வயிறு கட்டும், கொஞ்சம் தாளோ தழையோ கலந்தே கொடுக்க வேண்டும். நெற்றில் உள்ள விதை குடலைக் கடந்து எருவோடு வயலுக்கும் போகிறது. செம்மறி மென்று கொஞ்சம் அழிக்கும், மாடு அநேகமாக முழுதாகவே போடும். நெற்று மேய்ந்த கூட்டத்தை நல்ல நிலத்தில் அமர்த்துவதற்கு முன் நாலைந்து நாள் புறம்போக்கில் நிறுத்துவது சம்சாரிக்குச் செய்யும் மரியாதை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஆட்டுக்காரர்கள் பக்கத்தில் பெரிய மகிழ்ச்சி இல்லை. நிலத்தைக் கெடுப்பதும் அதுதான், ஆனி மாதத்தை ஓட்டிக் கொடுப்பதும் அதுதான்.

விற்பனைக்கு இரண்டு பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். குலதெய்வக் கிடாவெட்டு மாசி சிவராத்திரியிலும் ஆடியிலும் வரும், தீபாவளி ஐப்பசியில். இவை நிலையானவை. புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும், கடற்கரைக் கிறிஸ்தவ ஊர்களின் தவக்காலத்திலும் விலை தளரும். பக்ரீத் மட்டும் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2015-இல் செப்டம்பர் கடைசியில் வந்தது, 2025-இல் ஜூன் 7-ஆம் தேதி. கீழக்கரை உள்ளிட்ட இந்தக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மரபில், செம்மறி ஓராண்டு நிறைந்திருக்கவோ பல் விழுந்திருக்கவோ வேண்டும், வெள்ளாடு ஈராண்டு. நொண்டியும் குருடும் காதறுந்ததும் ஆகாது. ஆகவே பக்ரீத்துக்கு வைத்திருக்கும் கிடாக்குட்டிக்குக் காதில் அடையாள வெட்டுப் போடாமல் சாயம் பூசுவதே புத்திசாலித்தனம். தையில் பிறந்த குட்டி ஆடியில் 12 முதல் 15 கிலோ இருக்கும். கிடாவெட்டுக்கு அது போதும், பக்ரீத்துக்கு இன்னோர் ஆண்டு நிறுத்த வேண்டும். அந்த ஆண்டுத் தீனிக்கு ஈடான விலை கிடைக்குமா என்பது வைத்திருக்கும் மேய்ச்சலைப் பொறுத்தது.

சந்தைகளில் எட்டயபுரம் சனிக்கிழமை, திருப்புவனம் செவ்வாய்க்கிழமை. தராசு இருந்தாலும் பெரும்பாலும் கைமதிப்புத்தான். வாங்குகிறவர் ஆட்டின் இடுப்புக்கு மேலே நாலு விரலை வைத்து அழுத்துவார். முதுகெலும்பின் முனைகள் கூர்மையாகத் தட்டினால் சதை இல்லை, மேடு பள்ளம் தெரியாமல் உருண்டிருந்தால் ஆடு தேறியிருக்கிறது. பிறகு வாலடிக் கொழுப்பு, தொடை. உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி விழும் என்று கணக்குப் போட்டு, துண்டுக்குள் தரகர் விரலைப் பிடித்து விலை சொல்வார். விற்கிறவரும் முதல் நாள் இரவே அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, 20 கிலோ ஆட்டுக்கு 9 கிலோ கறி என்று தன் விலையை மனத்தில் குறித்துக்கொண்டு போனால் தரகர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது. சந்தைக்கு ஓட்டிப்போன ஆடு விலை படியாமல் திரும்பினால் அதை நேராகக் கிடைக்குள் விடக்கூடாது. பத்து ஊர் ஆடுகளோடு உரசி வந்தது. இரண்டு வாரம் தனியே கட்டி, சளியும் கழிச்சலும் இல்லையென்று பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.